புதுக்கணினியின் நோய்

புதிதாய் வாங்கிய கணினி ஒன்று. கடிதம் எழுதினால் எழுதுகிறது. பாட்டுக் கேட்டால் பாடுகிறது. ஆனால், அசையும் சித்திரம் ஒன்றைத் தீட்டத் தொடங்கிய கால் மணி நேரத்தில் திரை நீலமாகிறது, எல்லாம் நின்றுவிடுகிறது. இரண்டு நாள் உழைத்து அமைத்த காட்சி பாழாகிறது. ‘புதுப் பொருளுக்கும் நோய் வருமோ?’ என்று உரியவர் திகைக்கிறார். வரும். பழைய பொருளினும் புதுப் பொருளுக்கே உரிய நோய்கள் சில உண்டு.

கடிதம் எழுதும்போது கணினி பெரும்பாலும் ஓய்ந்தே இருக்கிறது. சித்திரம் தீட்டும் மென்பொருளோ அதனை ஓயவிடுவதில்லை. பிளெண்டர் என்னும் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். 1994-ஆம் ஆண்டில் நெதர்லாந்தில் தோன்றிய இதன் மூலநிரல் 2002 முதல் எல்லார்க்கும் திறந்து வைக்கப்பட்டுள்ளது. ‘ஃபுளோ’ என்னும் லாட்விய இயக்குநரின் சித்திரப்படம் இதனைக் கொண்டு ஆக்கப்பெற்று, 2025-இல் ஆஸ்கர் பரிசு பெற்றது. விளக்கொளி எந்த இலையிற்பட்டு எந்தச் சுவரில் தெறிக்கும் என்பதனை இது புள்ளிதோறும் கணக்கிடுகிறது. அதற்காகச் செயலியையும், நினைவகத்தையும், கிராபிக்ஸ் அட்டையையும் ஒருசேர வேலை வாங்குகிறது. வெறும் வண்டியில் தெரியாத அச்சின் விரிசல், பாரம் ஏற்றி மேடேறும்போது தெரிந்துவிடும் அன்றோ?

முதலில் நோக்கத்தக்கது, வீழ்ந்தது யாது என்பது. மென்பொருள் மட்டும் மூடிக்கொண்டு மற்றவை நடந்தால், குற்றம் பெரும்பாலும் அம்மென்பொருளிலோ, அதனோடு இணைத்த துணைநிரலிலோ இருக்கும். கணினி முழுவதும் வீழ்ந்தால் மென்பொருளைப் பழிப்பது முறையன்று. இயக்க முறைமை ஒவ்வொரு நிரலையும் தனித்தனி அறையில் வைத்திருக்கிறது. ஓர் அறையில் இருப்பவன் வீட்டையே இடித்தல் அரிது. அடித்தளத்தில் உள்ளவை வன்பொருளும், அதனை நடத்தும் டிரைவர் நிரல்களுமே. நினைவகக் கோளாறு மட்டும் இவ்விரு வேடமும் பூணும்.

வீழும் விதமும் ஒரு சான்று. நீலத்திரையில் தோன்றும் குறிப்பை எழுதி வைத்தல் வேண்டும். விளக்கணைந்தாற்போல் சொல்லாமல் அணைந்தால், மின்வழங்கியையோ வெப்பத்தையோ ஐயுறலாம். இன்றைய செயலிகள் பல, வெப்பம் 100 பாகை செல்சியசை நெருங்கும்போது தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கு மேலும் ஏறினால் அணைந்துவிடும். குளிர்விப்பானின் அடியில் ஒட்டிவரும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்க மறந்து பொருத்தியவர்கள் உண்டு. நகைப்பிற்குரியதாயினும் அதனை முதலில் பார்ப்பது நலம்.

நினைவகத்தின் குறை நுட்பமானது. பல்லாயிரங்கோடி நுண்ணறைகளுள் ஒன்று, 1 என வைத்ததை 0 எனத் திருப்பித் தந்தாலும் போதும். அங்கு வண்ணம் இருந்திருப்பின் படத்தில் ஒரு புள்ளி கெடும். கட்டளை இருந்திருப்பின் கணினியே வீழலாம். சிறு வேலைகள் அவ்வறையைத் தொடாமலே போகும்; பெருங்காட்சி தொட்டுவிடும். வரையறுத்த வேகத்தினும் மிகையாக நினைவகத்தை ஓட்டும் அமைப்பும் பல கணினிகளில் உண்டு. அதனை நிறுத்திப் பார்க்க வேண்டும். பிறகு மெம்டெஸ்ட்86 என்னும் சோதனைநிரலை இரவு முழுதும் ஓடவிடலாம். பிழை ஒன்றேனும் காட்டினால், நினைவகப் பட்டைகளை ஒவ்வொன்றாகப் பொருத்திச் சோதித்துக் குறையுள்ளதைப் பிரித்தறியலாம். ஒரே வேளையில் இரண்டை மாற்றினால், நோய் தீர்ந்தாலும் தீர்த்தது எது என்றறிய வழியில்லை.

எல்லாம் சோதித்தும் காரணம் தென்படாத காலமும் உண்டு. இன்டெல் நிறுவனத்தின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் சிலவற்றில் அவ்வாறு நேர்ந்தது. கிராபிக்ஸ் அட்டையில் நினைவகம் போதவில்லை என்னும் பொய்க்குறிப்புத் திரையில் வந்தமையால், பலர் குற்றமற்ற அட்டையை ஐயுற்றனர். செயலியின் நுண்நிரல் அளவுக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தைக் கேட்டதே காரணம் என்று 2024 ஜூலையில் அந்நிறுவனம் அறிவித்தது. ஆகஸ்டில் திருத்தம் வந்தது. ஆயினும் அது வருங்கேட்டைத் தடுக்குமேயன்றி, முன்பே கெட்ட செயலியை மீட்காது. ஆதலின் உத்தரவாதக் காலமும் இரண்டாண்டு நீட்டிக்கப்பட்டது.

சோதனை நடக்கும் நாட்களில் வேலை நிற்க வேண்டுவதில்லை. பிளெண்டர், நாம் மாற்றாதவரை, இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை தானே ஒரு படி எடுத்துத் தற்காலிகக் கோப்புறையில் வைக்கிறது. உத்தரவாதச் சீட்டோடு, கணினி வீழ்ந்த நாள், நேரம், அப்போது நடந்த வேலை, திரையிற் கண்ட குறிப்பு ஆகியவற்றை எழுதிய தாளையும் கடைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். அத்தாள் கையில் இருந்தால், கடைக்காரர் ஒரு கடிதத்தை மட்டும் எழுதிப் பார்த்து, ‘நன்றாகத்தானே ஓடுகிறது!’ என்று திருப்பி அனுப்புதல் எளிதன்று.