எந்த ஊரு என்று கேட்காத இடம்

அம்பத்தூர்ப் பக்கம் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும். வாடகையைச் சொல்வதற்கு முன் வீட்டுக்காரர் கேட்பது "உங்களுக்கு எந்த ஊரு?" என்பதைத்தான். ஊரைச் சொன்னால் "அங்க எந்தத் தெரு?" என்று அடுத்தது வரும். மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் தேவை இருக்காது. ஒரு ஆளைத் தெரிந்துகொள்வது என்றால் நம்மிடம் இதுதான் முறை. குடிநோய், தற்கொலை இரண்டையும் தடுக்க 'சமுதாயப் பங்கேற்பு' வேண்டும் என்று அரசும் தொண்டு நிறுவனங்களும் இன்று சரளமாகப் பேசுகின்றன. எந்தச் சமுதாயம் என்று யாரும் கேட்பதில்லை. பெயரும் தெருவும் தெரிந்தவர்களின் சமுதாயமா, தெரியாதவர்களுடையதா? அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று மேற்கே நீளும் புறநகரை முன்வைத்து இதை யோசிக்கலாம் என்று படுகிறது.

ஊரும் தெருவும் கேட்காத இடம் ஒன்று உண்டு. ஏ.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம். 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் சந்தித்துப் பேசியதில் தொடங்கியது. ஒருவர் பங்குச்சந்தையில் இருந்தவர், மற்றவர் அறுவை மருத்துவர். இந்தியாவுக்கு 1957இல் வந்தது. கட்டணம் கிடையாது. எழுந்து பேசுபவர் தன் பெயரை மட்டும் சொல்லி "நான் ஒரு குடிநோயாளி" என்கிறார். அப்புறம் தன் கதை. யாரும் குறுக்கே பேசுவதில்லை, புத்தி சொல்வதுமில்லை. அங்கே கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது ஏற்பாடு. ஆகவே கதை எதையும் இங்கே எழுதப்போவதில்லை. ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்வேன். 'குடிகாரன்' என்பது தெரு கொடுத்த பெயர். 'குடிநோயாளி' அவனே எடுத்துக்கொண்டது. அனானிமஸ் என்ற சொல் அமெரிக்காவில் மானத்தைக் காப்பாற்றப் பயன்பட்டது. இங்கே அது இன்னொரு வேலையையும் செய்கிறது: பெயரோடு ஒட்டிவருகிற சாதியைக் கொஞ்ச நேரம் வாசலில் கழற்றிவைக்கச் சொல்கிறது. முழுக்கக் கழன்றுவிடுகிறது என்று சொல்ல மாட்டேன். பேச்சுவழக்கே பாதியைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதை கிரெகரி பேட்சன் 1971இல் எழுதிய கட்டுரை ஒன்று நன்றாக விளக்குகிறது. குடிப்பவன் பாட்டிலோடு போட்டியில் இருக்கிறான். "என்னால விட முடியும்" என்பது அவன் வீம்பு. மனைவியும் நண்பர்களும் "உனக்கு மன உறுதி போதாது" என்று சொல்லச்சொல்ல அந்த வீம்பு வளர்கிறது. பத்து நாள் விட்டுக் காட்டுகிறான், ஜெயித்துவிட்டான். ஜெயித்தபின் போட்டிக்கு அர்த்தமில்லை. மறுபடி தன்னை நிரூபிக்க ஒரு கிளாஸ் தேவைப்படுகிறது. 'என் சித்தம், என் உடல்' என்று தன்னை இரண்டாகப் பிளந்துகொண்ட தன்னிலைதான் இங்கே சிக்கல் என்கிறார் பேட்சன். "என்னால் முடியவில்லை" என்று பலர் முன்னால் ஒப்புக்கொள்ளும்போது போட்டியே கலைந்துபோகிறது. ஏ.ஏ.வில் வரும் கடவுளைக் கண்டு பகுத்தறிவுத் தோழர்கள் முகம் சுளிப்பார்கள். அவரவர் புரிந்துகொண்டபடியான கடவுள் என்றுதான் அங்கே சொல்கிறார்கள்; கூடியிருக்கிற கும்பலையே அந்தச் சக்தியாக எடுத்துக்கொள்பவர்களும் உண்டு.

நம்மிடம் இதற்கு இணையாக ஒன்று இல்லாமலில்லை. கார்த்திகையில் மாலை போடுகிறவனைப் பாருங்கள். ஒரு மண்டலம் தொடமாட்டான். அன்றுவரை 'டேய்' என்றவர்கள் 'சாமி' என்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே பெயர், ஒரே வேட்டி. கூடக் குடித்தவனும் "சாமி மாலை போட்டிருக்கு" என்று விலகிக்கொள்கிறான். மாலையைக் கழற்றியதும் பழைய பெயர் திரும்புகிறது, பாட்டிலும் திரும்புகிறது. ஒரு பெயர் மாற்றத்தை மண்டலத்துக்கு அப்பாலும் கொண்டுபோவது எப்படி என்பதுதான் கேள்வி. (ரொம்ப நாள் தினமும் குடித்தவர்கள் டாக்டரைப் பார்க்காமல் ஒரேயடியாக நிறுத்துவது ஆபத்து. வலிப்பு வரலாம், சித்தம் கலங்கலாம், உயிருக்கே முடியலாம். 'மாலை போட்டா சரியாயிடும்' என்று அனுப்பிவைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.)

இதற்கு நேர் எதிரான வழி மஞ்சக்குடி. சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளை, திருவாரூர்ப் பக்கம் இந்தக் கிராமத்தில் 1989 முதல் குடிநோய்ச் சிகிச்சை முகாம்கள் நடத்தியது. பதினைந்து நாள் முகாம். இடமும் சாப்பாடும் ஊர் கொடுக்கிறது, யாரைச் சேர்ப்பது என்று ஊரே அடையாளம் காட்டுகிறது, மனைவிக்கும் தனியாக ஆலோசனை. முடிந்து வீடு திரும்பியவனை ஊர் கவனித்துக்கொள்கிறது. எல்லோருக்கும் தெரியும் என்பதே இங்கே மருந்து. டீக்கடையில் "எப்படிப்பா இருக்கே?" என்று கேட்பதுகூடச் சிகிச்சையின் பகுதியாகிறது. ஆஸ்பத்திரிக்குப் போய்வரக் காசில்லாத விவசாயக் கூலிகளிடம் சிகிச்சையைக் கொண்டுபோன முயற்சி இது, அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் தஞ்சைச் சமவெளியில் 'ஊர்' என்றால் சேரிக்கு எதிர்ப்பதம் என்பதை நாம் மறந்துவிட முடியாது. ஊர் கண்காணித்துத் திருத்துகிற காட்சியில் யார் யாரைக் கண்காணிப்பது என்று கேட்காமல் 'சமுதாயம்' என்று சொல்லிக் கடந்துபோவது நேர்மையாகாது.

சரி, அம்பத்தூர் எது? ஊருமில்லை, முழுக்க நகரமுமில்லை. 1960களின் நடுவில் தொழிற்பேட்டை வந்தது. ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை. அதே ஆவடியில்தான் 1955இல் காங்கிரஸ் சோஷலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. நிரந்தரத் தொழிலாளி இருந்த காலத்தில் அவன் குடித்தால் கவனிக்க ஆள் இருந்தது. லீவு கூடிப்போனால் வெல்ஃபேர் ஆபீசர் கூப்பிடுவார், யூனியன்காரர் வீட்டுக்கு வருவார், ஈ.எஸ்.ஐ. இருந்தது, சிகிச்சைக்குப் போய்வந்தால் வேலையும் இருந்தது. இது கருணை என்று நான் சொல்லவில்லை; பழகிய கையை இழந்தால் முதலாளிக்கு நஷ்டம். ஒப்பந்தத் தொழிலாளி வந்ததும் இந்தக் கண்ணி அறுந்தது. அவன் நாலு நாள் வராவிட்டால் மேஸ்திரி வேறு ஆளைக் கொண்டுவருகிறார், கணக்கு முடிந்தது. பக்கத்து போர்ஷனில் சண்டை சுவர் வழியே கேட்கும். யார் என்ன பெயர் என்று தெரியாது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவனுக்கு, கேட்பவர் கிடைத்தாலும் பாஷை கிடைக்காது. தெரிந்தவர்களின் காவலும் இல்லை, தெரியாதவர்களின் மரியாதையும் இல்லை.

தற்கொலையைத் தனிமனிதனின் மனக்கோளாறாகப் பார்க்காமல், அவனைச் சமூகத்தோடு பிணைக்கும் இழைகளின் கதையாக எமில் துர்க்ஹைம் 1897இல் எழுதினார். இந்தக் கண்ணி அறுதலை அவர் அடையாளம் கண்டுகொண்டிருப்பார். தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022இல் தமிழ்நாட்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். நாடு முழுவதும் அப்படி இறந்தவர்களில் கால் பங்குக்கும் மேல் தினக்கூலிகள். கணவனின் குடியைத் தாங்கமுடியாமல் போகிற பெண் இந்தப் பட்டியலில் 'குடும்பப் பிரச்சினை' என்ற கட்டத்துக்குள் காணாமல் போய்விடுவாள்.

லண்டனில் 1953இல் சாட் வாரா என்ற பாதிரியார் தற்கொலை எண்ணம் உள்ளவர்களுக்கு ஆலோசனை சொல்ல உட்கார்ந்தார். காத்திருந்தவர்களுக்கு டீ கொடுக்கச் சில தன்னார்வலர்கள் வந்தார்கள். அவர்களிடம் பேசிக்கொண்டிருந்ததிலேயே பலருக்கும் பாரம் இறங்கிவிட்டது, பாதிரியாரைப் பார்க்கத் தேவையில்லாமல் போனது. அவர் வேலையை டீ கொடுத்தவர்களிடமே ஒப்படைத்துவிட்டார். அந்த வழியில் வந்ததுதான் சென்னையில் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய ஸ்நேகா. அங்கேயும் கேட்பவர்கள் பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள், ஊர் பெயர் சொல்லாமல் பேசலாம். சாக வேண்டும்போல இருக்கிறதா என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே தூண்டிவிடுவோம் என்ற பயம் நம்மிடம் பரவலாக உண்டு. அது தவறு. கேட்கலாம், கேட்க வேண்டும், கேட்டுவிட்டு அவரைத் தனியே விட்டுவிடாமல் கூட இருக்க வேண்டும். முன்பு முயன்று பிழைத்தவர் மீது 309ஆம் பிரிவில் வழக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் பொய் சொல்லவேண்டி இருந்தது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அதை முடக்கியது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை. இது இன்னும் எத்தனை போர்ஷன் வீடுகளுக்குத் தெரியும்?

அரசு 2003 முதல் சில்லறைச் சாராய வியாபாரத்தைத் தன் கையில் வைத்திருக்கிறது. 2023-24இல் டாஸ்மாக் வழியாக வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். நெடுஞ்சாலைக் கடைகளை உச்சநீதிமன்றம் மூடச்சொல்லி, 2017இல் அவை தெருக்களுக்குள் வந்தபோது பெண்கள்தான் மறித்தார்கள். அந்தப் போராட்டங்களில் நாமும் நின்றோம், எழுதினோம். கடை மூடினால் அதற்குள் இருந்த ஆள் எங்கே போவான் என்பதை நாம் எழுதவில்லை. நம் சொல்லாடலில் அரசு இருந்தது, மூலதனம் இருந்தது, பாதிக்கப்பட்ட பெண் இருந்தாள். குடிப்பவன் வெறும் 'சீரழிவு' ஆகத்தான் இருந்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சிறுபத்திரிகை வட்டத்தில் இலக்கியக் கூட்டம் முடிந்தபின் லாட்ஜ் அறையில் நடக்கும் இரண்டாவது கூட்டம் நமக்குத் தெரியாததா? அங்கே குடி கலகத்தின் அடையாளம். அப்படிக் கலகம் செய்த நண்பன் செத்தபோது 'உடல்நலக் குறைவால்' என்று அஞ்சலி எழுதியிருக்கிறோம், நானும் எழுதியிருக்கிறேன். அவனிடம் யாரும் ஒரு நாளும் நேராகக் கேட்கவில்லை.

செலவு அதிகமில்லை. யூனியன் ஆபீசும் படிப்பகமும் ஞாயிற்றுக்கிழமை பூட்டித்தான் கிடக்கின்றன. இருபது நாற்காலி, டீ, இந்தி தெரிந்த ஒருவர். மனைவிமாருக்குத் தனியாக ஒரு நேரம், ஏனென்றால் புருஷன் உட்கார்ந்திருக்கிற இடத்தில் அவள் பேசமாட்டாள். அரசின் 104, 14416 எண்கள் சுவரில் பெரிதாக எழுதியிருக்கட்டும். செகண்ட் ஷிஃப்ட் ராத்திரி பத்து மணிக்கு விடுகிறது. ஆகவே சாவி பத்தரைக்கும் திறந்துவிடக்கூடிய ஒருவரிடம் இருக்க வேண்டும். யாரிடம் என்று அந்தந்தப் பகுதித் தோழர்கள் பேசி முடிவு செய்யலாம்.