மானுக்கு ஒரு வயல்

மண்ணைப் பரிசோதித்து, சுண்ணாம்பு இட்டு, உழுது விதைத்துவிட்டு, அறுவடையை மட்டும் மானுக்கே விட்டுவிடும் விவசாயத்தைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா, நேயர்களே? அமெரிக்கக் கிராமப்புறங்களில் இது சர்வ சாதாரணம். வெள்ளைவால் மான்களுக்காகக் காட்டோரத்தில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் ஒதுக்கி, குளோவர், ஓட்ஸ், டர்னிப் எல்லாம் பயிரிடுகிறார்கள். ஜீவகாருண்யம் என்று நினைத்துவிட வேண்டாம். இவர்களில் பெரும்பாலோர் வேட்டைக்காரர்கள்!

குளோவர், பயறு வகைக் குடும்பத்துச் செடி. வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுப்பதால் தழைச்சத்து உரம் அதிகம் தேவையில்லை. இலையில் புரதம் மிகுதி. ஆண்டுதோறும் உதிர்ந்து மறுபடி முளைக்கும் கொம்புக்கு, வசந்தத்திலும் கோடையிலும் அந்தப் புரதம் வேண்டும். டர்னிப்பின் கதை வேறு. உறைபனி விழுந்த பிறகு அதன் இலையில் இனிப்பு கூடும். அதுவரை அதிகம் சீண்டாத மான்கள்கூட அப்போது தேடி வரும்.

இவ்வளவு பாடு எதற்கு, மக்காச்சோளத்தைக் கொட்டினால் போதாதா? போதாது. மான் அசைபோடும் விலங்கு. குளிர்காலத்தில் குச்சியும் மொட்டும் தின்று பழகிய இரைப்பைக்குள் திடீரென்று சோளம் நிறைந்தால், அமிலம் பெருகி உயிரே போகலாம். ஒரே குவியலில் பல மான்கள் வாய் வைத்தால் நோயும் பரவும். பல மாநிலங்களில் இப்படித் தீனி கொட்டுவதற்குத் தடை உண்டு.

சரி, மான் எவ்வளவு தின்றது? வயல் நடுவே ஒரு சிறு கம்பிவலைக் கூண்டு வைப்பார்கள். உள்ளே வளர்ந்து நிற்கும் பயிருக்கும் வெளியே மேய்ந்துபோன பயிருக்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்கு.