டொம்லூர் கல்லும் திகளர் கரகமும்

பெங்களூரில் காவிரி கொதிக்கும்போதெல்லாம் கூடவே ஒரு சண்டையும் கிளம்பும்: யார் மண்ணின் மைந்தர், யார் வந்தேறி? 1991 டிசம்பரில் அது கலவரமாகி, தமிழர்கள் அடிபட்டார்கள், உயிரும் இழந்தார்கள். 'நாங்கள்தான் முதலில்' என்று இரு தரப்பிலும் மார்தட்ட ஆள் உண்டு. நகரின் டொம்லூர் பகுதியில் உள்ள சொக்கநாதசுவாமி கோயிலுக்குப் போனால் இருவருக்குமே சங்கடம்தான்.

பெயரைக் கேட்டு மதுரைச் சிவன் என்று நினைத்துவிட வேண்டாம். உள்ளே இருப்பவர் பெருமாள். கோயிலில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள். அழகியார் என்பவர் வாசலுக்கு நிலைக்கால்கள் கொடுத்ததை ஒன்று சொல்கிறது. ஊருக்கு தேசிமாணிக்கப்பட்டணம் என்று இன்னொரு பெயரும் இருந்திருக்கிறது. நம்மவர் துள்ளிக் குதிக்குமுன் ஒரு செய்தி: அப்போது ஆண்டவர்கள் கன்னட ஒய்சளர்கள். ஒய்சள நாடு பங்கு பிரிந்தபோது இந்தப் பக்கம் அந்த மரபு மன்னர் ராமநாதன் கைக்கு வந்தது. அவர் தலைநகரோ ஸ்ரீரங்கத்தை அடுத்த கண்ணனூர். 'பெங்களூர்' என்ற பெயரே இதற்கெல்லாம் முன்னால், 890 வாக்கில், பேகூர் நடுகல்லில் கன்னடத்தில் வந்துவிட்டது.

கல்லை விடுங்கள், மனிதர்களிடம் வருவோம். பெங்களூரின் மிகப் பெரிய திருவிழா கரகம். சைத்ர மாதப் பௌர்ணமி நள்ளிரவில் தர்மராயசுவாமி கோயிலிலிருந்து புறப்படும். புடவையும் வளையலும் தாலியும் அணிந்த ஆண், தலையில் மல்லிகைக் கோபுரத்தைக் கையால் தொடாமல் சுமப்பார். சுற்றிலும் உருவிய வாளோடு வீரகுமாரர்கள். காட்டன்பேட்டை மஸ்தான் சாயபு தர்காவிலும் கரகம் நின்றுவிட்டுத்தான் போகும். இதை நடத்துபவர்கள் திகளர்கள். பூவும் காயும் பயிரிட்ட தோட்டக்காரச் சமூகம். வேர் தமிழ்நாட்டில் என்பார்கள். கரகம் திரௌபதிக்கான விழா; அந்தத் திரௌபதி வழிபாடு செஞ்சி, ஆற்காடு பக்கம் இன்றும் ஊருக்கு ஊர் உண்டு. சில வீடுகளில் பேச்சில் தமிழ் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பிள்ளைகள் படிப்பது கன்னடம். அவர்களை வந்தேறி என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் கரகத்தை யார் தூக்குவது?

கட்சிகளுக்கு ஒத்துவருவது சிலைதான். அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் 1991 முதல் 2009 ஆகஸ்ட் வரை மூடியே கிடந்தார். அவர் திறக்கப்பட்ட சில நாளில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் திறக்கப்பட்டார். பண்டமாற்று போல. தப்பில்லை, ஆனால் போதாது. டொம்லூர்க் கல்வெட்டுகளைக் கல்வெட்டு ஆய்வாளர் பி.எல். ரைஸ் 1905லேயே புத்தகமாக்கிவிட்டார். இப்போது மிதிக் சொசைட்டி என்ற பெங்களூர் ஆய்வு அமைப்பு கன்னடம், தமிழ் என்று பாராமல் நகரத்துக் கற்களை முப்பரிமாணத்தில் பதிவு செய்கிறது. டொம்லூர் வாசலில், அந்தக் கல் சொல்வதைக் கன்னடத்திலும் இன்றைய தமிழிலும் எழுதி ஒரு பலகை வைக்கலாம். சிலைக்கு ஆகும் செலவில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது.