அழையா விருந்தாளிகளை எண்ணுவது எப்படி?

நெய்வேலி நகரியத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். சுரங்கத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். புதுச்சேரியில் பயாப்ஸி எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள். கத்தையாக ரிப்போர்ட் வந்திருக்கிறது. முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில்: ‘டிஎம்பி 12.5, உயர்நிலை’. “இப்படி இருந்தால் இம்யூனோ ஊசிக்குக் கட்டாயம் கேட்கும் என்கிறார்கள். வடலூர் பக்கம் இருக்கும் மனையை விற்றுவிடலாமா?”

மனையை உடனே விற்க வேண்டாம். டிஎம்பி என்பது கட்டியின் டிஎன்ஏவில் பத்து லட்சம் எழுத்துக்கு எத்தனை பிழை என்ற கணக்கு. அந்த 12.5 எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம்.

இந்த இம்யூனோ மருந்துகளின் வரலாற்றை ஆளுக்கொரு முறை எழுதிவிட்டார்கள். கடமைக்கு ஒரு பத்தி. நோயெதிர்ப்பு மண்டலத்தின் டி செல்களை அடக்கிவைக்கும் பிடி-1 புரதத்தை கியோட்டோவில் தசுக்கு ஹோஞ்சோவின் ஆய்வகம் 1992இல் கண்டது. அதேபோன்ற சிடிஎல்ஏ-4 புரதத்தைத் தடுத்தால் எலிகளின் கட்டி கரைகிறது என்று ஜேம்ஸ் அலிசன் காட்டினார். இருவருக்கும் 2018இல் நோபல். 2015இல், பிடி-1ஐத் தடுக்கும் நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் இரண்டும் நுரையீரல் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றன. மரபணுப் பிழை மிகுந்த கட்டிகளே இந்த மருந்துக்கு நன்றாகக் கேட்கின்றன என்று நியூயார்க் மருத்துவர்கள் அதே ஆண்டில் சொன்னார்கள். அவர்கள் பார்த்தது 34 நோயாளிகளை. 2020 ஜூனில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒரு கோடே போட்டுவிட்டது: டிஎன்ஏவில் பத்து லட்சம் எழுத்துக்கு 10 பிழை இருந்தால் பெம்ப்ரோலிசுமாப் கொடுக்கலாம். அதற்கு ஆதாரமான ஆய்வில் கோட்டைத் தாண்டியவர்கள் 102 பேர், கட்டி சுருங்கியது 29 சதவீதத்தினருக்கு. நுரையீரல் புற்றுநோயில் பெரும்பாலோருக்கு வரும் ‘சிறுசெல் அல்லாத’ வகை அந்த ஆய்வில் சேர்க்கப்படவே இல்லை. ‘கட்டாயம் கேட்கும்’ என்பதன் லட்சணம் இதுதான்.

ஆனாலும் அடிப்படை எண்ணம் தப்பல்ல. பிழை கூடக்கூடக் கட்டியின் புரதங்கள் உடம்புக்குப் பரிச்சயமில்லாதவையாக மாறும், டி செல்லின் கண்ணில் படும். பீடி, சிகரெட் புகையிலுள்ள பென்சோபைரீன் டிஎன்ஏவின் ‘ஜி’ எழுத்தில் ஒட்டிக்கொண்டு அதை ‘டி’ ஆக்கிவிடுகிறது. 2012இல் வந்த ஓர் ஆய்வில் புகைப்பவர்களின் நுரையீரல் கட்டியில் பத்து லட்சம் எழுத்துக்கு 10.5 பிழை, புகைக்காதவர்களின் கட்டியில் 0.6. (சுரங்கத் தூசிதான் காரணமா என்றும் வாசகி கேட்கிறார். உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் நிலக்கரித் தூசியை ‘வகைப்படுத்த முடியாதது’ என்று விட்டுவிட்டது. அதே ஆண்டு சிலிக்கா தூசியையும், 2012இல் டீசல் புகையையும் புற்றுநோய் உண்டாக்குபவை என்று அறிவித்தது. ஒருவருடைய கட்டியில் எது எவ்வளவு என்று இந்த ரிப்போர்ட் பிரித்துச் சொல்லாது.)

என்னை மயக்கியது பிழையை எண்ணும் விதம். கட்டியின் டிஎன்ஏவில் தென்படும் மாற்றமெல்லாம் கட்டியின் பிழை அல்ல. விஞ்ஞானிகள் வைத்திருக்கும் மாதிரி வரிசையோடு ஒப்பிட்டால் நம் ஒவ்வொருவருக்கும் 40 முதல் 50 லட்சம் இடங்களில் மாற்றம் இருக்கும். அது நோயல்ல, அம்மா அப்பா கொடுத்தது. அதைக் கழித்தால்தான் கட்டியின் பிழை தெரியும். எதைப் பார்த்துக் கழிப்பது?

நகரியத்து மண்டபம் ஒன்றில் கல்யாணம். அழையா விருந்தாளிகள் எத்தனை பேர் என்று எண்ண ஒரு பையனை வாசலில் நிறுத்தி, கையில் உறவினர் பட்டியலைக் கொடுக்கிறோம். பட்டியலில் இல்லாத ஆளுக்கெல்லாம் ஒரு கோடு. சிக்கல் என்னவென்றால், அந்தப் பட்டியலை எழுதியது பெண் வீட்டார். சேத்தியாத்தோப்பிலிருந்து வந்த மாப்பிள்ளையின் பெரியம்மாவுக்கும் ஒரு கோடு, விருத்தாசலத்து ஒன்றுவிட்ட சித்தப்பாவுக்கும் ஒரு கோடு. அவர்கள் மொய் எழுதியது கணக்கில் வராது. ஆய்வகங்கள் கழிப்பதற்கு வைத்திருக்கும் உலகப் பட்டியல்களில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினர். நம் ஊரில் பரம்பரையாக வரும் மாற்றம் அதில் இல்லாவிட்டால், கட்டியின் பிழை என்று கோடு விழும்.

இதில் நம் மாப்பிள்ளை வீடு கொஞ்சம் வில்லங்கமானதும்கூட. தலைமுறை தலைமுறையாகச் சாதிக்குள்ளேயே, பல வீடுகளில் மாமன் மகளையே கட்டிவந்ததால், ஒரு சமூகத்துக்குள் மட்டும் புழங்கும் மாற்றங்கள் நம்மிடம் ஏராளம். வைசியர்களில் சிலருக்கு அறுவைச் சிகிச்சையில் கொடுக்கும் ஒரு தசைத் தளர்த்தி மருந்து நெடுநேரம் இறங்காமல் நிற்பது இப்படிப்பட்ட மாற்றத்தால்தான்.

நாலைந்து கோடுதானே என்று விடமுடியாது. பெயர்பெற்ற ஒரு சோதனை 324 மரபணுக்களைப் பார்க்கிறது. பிழை எண்ண எடுத்துக்கொள்வது சுமார் எட்டு லட்சம் எழுத்து. அதில் 8 பிழை வந்தாலே பத்து லட்சத்துக்கு 10 என்று ஆகிவிடும். வாசகியின் அப்பாவுக்குச் செய்ததும் அந்த அளவுள்ள சோதனை என்று வைத்துக்கொள்வோம். 12.5 என்றால் பத்துக் கோடு. அதில் நான்கு பெரியம்மா சித்தப்பா என்றால் மிஞ்சுவது ஆறு, அதாவது 7.5. ‘உயர்நிலை’ போயே போயிற்று.

இது என் கற்பனைக் கணக்கு மட்டுமல்ல. கட்டியை மட்டும் படிக்கும் சோதனைகள் இப்படித்தான் எண்ணிக்கையை ஊதிக்காட்டுகின்றன என்றும், ஆசிய, ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் அது கூடுதல் என்றும் ‘கேன்சர் செல்’ இதழில் 2022இல் ஓர் ஆய்வு வந்தது. தவறாக ‘உயர்நிலை’ என்று முத்திரை குத்தப்பட்ட நுரையீரல் நோயாளிகளுக்கு இம்யூனோ மருந்தால் கூடுதல் பலன் தெரியவில்லை.

பரிகாரம் எளிது. முகூர்த்தத்தின்போது ஒரு படம், பந்தியில் ஒரு படம். உறவினர் இரண்டிலும் இருப்பார். சாப்பிட மட்டும் வந்தவன் பந்திப் படத்தில் மட்டும் இருப்பான். அதாவது, கட்டியோடு அதே ஆளின் ரத்தத்தையும் படித்துவிட்டால் உலகப் பட்டியலே வேண்டாம். சென்னை ஐஐடி 2025 பிப்ரவரியில் வெளியிட்ட பாரத் புற்றுநோய் மரபணு வரைபடத்தில் 480 மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு 960 மரபணு வரிசைகள் இருப்பது அதனால்தான். வெளியில் செய்யும் சோதனைகளில் பல இரண்டாவது படத்தை எடுப்பதில்லை, செலவு கூடும். (முகூர்த்தத்துக்கே வந்து அட்சதை போடும் கில்லாடிகளும் உண்டு. எழுபதைத் தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல், ரத்த செல்களிலேயே தாமாகச் சேர்ந்த பிழைகள் இருக்கும். ரத்தத்தில் மட்டும் கட்டியைத் தேடும் சோதனையை இவை நன்றாக ஏமாற்றும்.)

ஜீனோம் இந்தியா திட்டம் 80க்கு மேற்பட்ட சமூகங்களிலிருந்து சுமார் 10,000 பேரின் வரிசையைப் படித்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டுப் பட்டியல் எழுத ஆரம்பித்துவிட்டார்கள் என்று சொல்லலாம். எழுதி முடிக்க நாளாகும்.

எண்ணிக்கை சரியாகவே வந்தாலும் அதுவே தீர்ப்பல்ல. எஸ்டிகே11, கீப்1 மரபணுக்கள் பழுதான கட்டிகள் பெரும்பாலும் மருந்துக்கு மசிவதில்லை. சில கட்டிகள், தம் புரதத் துண்டுகளை டி செல்லுக்குக் காட்டிக்கொடுக்கும் எச்எல்ஏ மரபணுவில் பாதியை உதறிவிட்டு டி செல்லின் கண்ணிலிருந்து தப்பிவிடுகின்றன. ஆகவே மனையைப் பற்றிய பதில்: அந்த 12.5ஐ மட்டும் நம்பி விற்க வேண்டாம். ரத்தத்தையும் சேர்த்துப் படித்தார்களா என்று ஆய்வகத்தைக் கேளுங்கள். பிடி-1ஐப் பிடித்து டி செல்லை அடக்கும் பிடி-எல்1 புரதம் கட்டியில் எத்தனை சதவீதம் என்று மருத்துவரைக் கேளுங்கள்.

அதற்கும் முன்னால், அதே ரிப்போர்ட்டில் யாரும் தடித்த எழுத்தில் அச்சிடாத இஜிஎஃப்ஆர், ஏஎல்கே மரபணுக்களின் வரிகளைப் பாருங்கள். இந்தியாவில் ‘சிறுசெல் அல்லாத’ வகையைச் சேர்ந்த நுரையீரல் அடினோகார்சினோமா வந்தவர்களில் நான்கில் ஒருவர் அளவுக்கு இஜிஎஃப்ஆர் மாற்றம் இருக்கிறது. 2019இல் வெளியான பன்னாட்டுப் பதிவேட்டின்படி, இம்யூனோ மருந்துக்குக் கட்டி சுருங்கியது இஜிஎஃப்ஆர் மாற்றம் உள்ளவர்களில் 12 சதவீதம், ஏஎல்கேயில் பூஜ்யம். இரண்டுக்கும் நல்ல மாத்திரைகள் உண்டு. எது முதலில் என்பதும் முக்கியம். நியூயார்க்கில் இம்யூனோ ஊசி போட்ட பிறகு இஜிஎஃப்ஆருக்கான ஒசிமெர்டினிப் மாத்திரை சாப்பிட்ட 41 பேரில் 6 பேருக்குக் கடுமையான பக்கவிளைவு வந்தது, பெரும்பாலும் நுரையீரல் அழற்சி. மாத்திரை முதலில், ஊசி பிறகு என்று போன 29 பேரில் ஒருவருக்கும் வரவில்லை.