அவாவும் வேண்டுதலும்: அவாவறுத்தல் அதிகாரம் உணர்த்தும் வேறுபாடு

திருக்குறளின் 37ஆம் அதிகாரமாகிய அவாவறுத்தலைக் கற்பிக்கும்போது மாணவரிடமிருந்து ஒரு வினா எழுவதுண்டு. ஆசையை ஒழிக்க விரும்புவதும் ஓர் ஆசைதானே? இதற்கு விடை கூறாது கடந்துசென்றால், குறள் தன்னையே மறுக்கிறது என்றோ, எம்முயற்சியும் குற்றமே என்றோ மாணவர் முடிவு செய்துவிடுவர். இரண்டும் பொருந்தா என்பதை அவ்வதிகாரத்தின் சொல்லாட்சியைக் கொண்டே நாம் தெளியலாம்.

இவ்வதிகாரத்தின் பத்துக் குறள்களுள் எட்டில் 'அவா' என்னும் சொல் பயில்கிறது. 362, 363 ஆகிய இரண்டில் மட்டும் அது இல்லை. 'வேண்டு' என்னும் வினையோ 362, 363, 364, 367 ஆகிய நான்கில் வருகிறது. ஒன்றை விரும்பினால் பிறவாமையை விரும்புக, அதுவும் வேண்டாமையை வேண்டுவதால் வாய்க்கும் என்பது 362ஆம் குறளின் கருத்து. மாணவர் வினாவுக்கு இடந்தரும் இக்குறளில் வள்ளுவர் 'அவா' என்னும் சொல்லை ஆளவில்லை. 364இல் இரு சொற்களும் அருகருகே நிற்கின்றன. தூய்மையாவது அவா இன்மை. அது வாய்மையை வேண்டுவதால் வரும். அவாவை முற்ற அறுத்தவனுக்கு அழியா வினை அவன் வேண்டும் நெறியிலேயே வந்தெய்தும் என்கிறது 367. அவா அற்ற பின்னும் வேண்டுதலும் வினையும் எஞ்சி நிற்பது ஈண்டு நோக்கத்தக்கது.

எனினும், அவா தீயது, வேண்டுதல் நல்லது என்று சொல்லளவில் பிரித்துவிடுதல் இயலாது. வேண்டாமையை ஒப்பற்ற செல்வம் எனப் போற்றுகிறது 363. ஆகவே, வேறுபாட்டை அவற்றின் இயல்பில் தேடுதல் வேண்டும். அதற்கான திறவுகோல் இறுதிக் குறளில் உள்ளது. அவா ஒருபோதும் நிரம்பாத இயல்புடையது என்று 370ஆம் குறள் கூறுகிறது. பெற்றது எதுவாயினும் அடுத்ததை நாடுவது அது. அமைதியான நாட்டமோ தன் இலக்கை அடைந்ததும் அடங்கிவிடுகிறது.

இதே வினா பௌத்த மரபிலும் எழுந்துள்ளது. விருப்பத்தால் விருப்பத்தை எவ்வாறு ஒழித்தல் கூடும் என உண்ணாபர் என்னும் அந்தணர் ஆனந்தரிடம் வினவியதைப் பாலி மொழியிலமைந்த சம்யுத்த நிகாயம் கூறுகிறது. இச்சோலைக்கு வர வேண்டும் என்ற விருப்பம் உமக்கு முன்பு இருந்ததா, வந்து சேர்ந்த பின் அது தணிந்ததா என்று ஆனந்தர் திருப்பிக் கேட்கிறார். தணிந்தது என அந்தணர் ஒப்புகிறார். விடுதலையை நாடும் விருப்பமும் அத்தகையதே என்பது ஆனந்தரின் விளக்கம்.

எனவே, எதனை விரும்புகிறோம் என்பதைக் கொண்டு மட்டும் விருப்பத்தை மதிப்பிடலாகாது. உயர்ந்த பொருளின்மீதும் அவா எழக்கூடும். இறைவன்மீது கொண்ட ஆசையாயினும் அதனையும் அறுக்குமாறு திருமந்திரம் அறிவுறுத்துவது இது பற்றியே எனலாம். நாள்தோறும் தியானத்தில் அமரும் ஒருவர், தாம் எவ்வளவு உயர்ந்துவிட்டோம் என அளந்துகொண்டும், பிறரோடு ஒப்பிட்டுக்கொண்டும் இருப்பாராயின், அவர் நாடும் பொருள் தூயதாயினும் நாடும் முறை அவாவே. அளவையும் ஒப்பீட்டையும் விடுத்து, இன்று செய்ய வேண்டியதைச் செய்து எழுபவரிடத்து இருப்பது வேண்டுதல்.

வகுப்பறையிலும் இவ்வேறுபாடு பயன் தரும். நன்கு கற்க வேண்டும் என்னும் மாணவரின் உறுதியை அவா எனக் கடிதல் தகாது. எத்துணைப் புள்ளிகள் பெற்றும் மனம் நிறையாது தவிப்பவரிடத்து, அத்தவிப்பையே அவா என நாம் சுட்டிக்காட்டலாம். வள்ளுவர் அறுக்கச் சொன்னது அத்தவிப்பையே, முயற்சியை அன்று.