பங்குனி உத்திர விரதம்: சாப்பிடாமல் மயிலம் மலை ஏறுபவர்களுக்கு சக்தி எங்கிருந்து வருகிறது?

திண்டிவனம் அருகே உள்ள மயிலம் முருகன் கோயிலில் பங்குனி உத்திரம் என்றால் கூட்டம் அலைமோதும். முந்தைய நாள் இரவு சாப்பிட்டதோடு சரி, மறுநாள் வெறும் வயிற்றோடு காவடி தூக்கி மலை ஏறுபவர்கள் பலர். அப்படியும் கால் தளராமல் நடக்க முடிகிறதே, எப்படி?

ரத்தத்தில் இருப்பது ஒரு ஸ்பூன்தான்!

ஒரு நேரத்தில் ரத்தம் முழுவதிலும் சேர்த்து சுமார் 4 முதல் 5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கும். ஆனால் மூளைக்கு மட்டுமே ஒரு நாளைக்கு சுமார் 120 கிராம் தேவை. அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்டுவது கல்லீரல்.

சேமிப்பது எப்படி?

இட்லியோ சோறோ சாப்பிட்டதும் ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறும். உடனே கணையம் இன்சுலினைச் சுரக்கும். மிஞ்சிய குளுக்கோஸ், பூச்சரம் போல ஒன்றோடு ஒன்று கோக்கப்பட்டு 'கிளைகோஜன்' ஆகிறது. கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம் வரை சேரும். 1857-ல் இதைக் கல்லீரலில் இருந்து பிரித்தெடுத்தவர் பிரெஞ்சு விஞ்ஞானி கிளாட் பெர்னார்ட்.

வெளியே வருவது எப்போது?

சாப்பிடாமல் இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கும். அப்போது கணையம் 'குளுக்ககான்' ஹார்மோனை அனுப்ப, கல்லீரல் சரத்தை உதிர்த்து குளுக்கோஸை ரத்தத்தில் விடும். தசை மட்டும் கொஞ்சம் கஞ்சம். தன் கையிருப்பை மலை ஏறும் தன் வேலைக்கு மட்டுமே செலவழிக்கும், ரத்தத்துக்குத் தராது.

சுமார் ஒரு நாள் பட்டினியில் கல்லீரலின் கையிருப்பு பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதன்பிறகு உடல் கொழுப்பை அதிகம் எரிக்கத் தொடங்கும். புரதம் போன்றவற்றில் இருந்து கல்லீரலே புதிதாக குளுக்கோஸ் தயாரிக்கும்.

சுகர் இருப்பவர்கள் கவனிக்க!

சிக்கலே இங்கேதான். இன்சுலின் ஊசியோ சில வகை சுகர் மாத்திரைகளோ எடுத்துவிட்டு பட்டினி கிடந்தால், உடலில் உள்ள இன்சுலின் கல்லீரலின் கதவைத் திறக்க விடாது. நடக்க நடக்க தசையும் ரத்தத்தில் உள்ள குளுக்கோஸை இழுக்கும். அளவு 70-க்குக் கீழே இறங்கினால் அது 'லோ சுகர்'. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கண் இருட்டுவது ஆகியவை அறிகுறிகள்.

உடனே 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மீண்டும் பரிசோதிக்க வேண்டும். மயங்கி விழுந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழையுங்கள்.

விரதத்துக்காக ஊசி, மாத்திரையை நீங்களாகவே நிறுத்த வேண்டாம். மாலை போடும்போதே டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. பையில் விபூதியோடு கொஞ்சம் சர்க்கரையும் இருக்கட்டும்.