32 அணி வந்தால் 16 அணிக்கு ஒரே ஆட்டம்: முதலமைச்சர் கோப்பையின் கணக்கு

முதலமைச்சர் கோப்பைக்கான இணையப் பதிவு முடியப்போகிறது. வந்து குவிந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை வயது பற்றியவை. வேம்பாரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார்: "என் மகன் ஏழாம் வகுப்பு. கபடிக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். அவன் வயசுப் பிள்ளைகளோடுதானே ஆட விடுவார்கள்?"

இல்லை அம்மா. பள்ளிப் பிரிவு 12 வயதில் தொடங்கி 19 வயதில் முடிகிறது. ஆண், பெண் என்று பிரிப்பார்கள். சின்னவர், பெரியவர் என்று பிரிப்பதில்லை. மீசை முளைக்காத ஏழாம் வகுப்புப் பையனும், அடுத்த ஆண்டு கல்லூரிக்குப் போகிற பன்னிரண்டாம் வகுப்பு மாணவனும் விதிப்படி ஒரே பிரிவு.

இந்தக் குழப்பம் வந்ததற்கு நியாயமான காரணம் உண்டு. பள்ளிக் கல்வித் துறை நடத்தும் குறுவட்டப் போட்டியிலிருந்து குடியரசு தின, பாரதியார் தினப் போட்டிகள் வரை 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று மூன்று பிரிவுகள் இருக்கின்றன. பெற்றோருக்குப் பழகிய ஏற்பாடு அதுதான். முதலமைச்சர் கோப்பையை நடத்துவது விளையாட்டு மேம்பாட்டு ஆணையம். அங்கே அந்த மூன்று படிகளும் ஒன்றாகிவிட்டன.

வயதுப் பிரிவைவிட என்னை அதிகம் தொந்தரவு செய்வது வேறொன்று. மாவட்ட அளவில் குழு ஆட்டங்கள் பெரும்பாலும் நாக்-அவுட் முறையில் நடக்கின்றன. தோற்றால் வீடு. இந்த முறைக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. 32 அணிகள் வருவதாக வைத்துக்கொள்வோம். முதல் சுற்றிலேயே 16 அணிகள் போய்விடும். எட்டு அணிகளுக்கு இரண்டு ஆட்டம், நான்கு அணிகளுக்கு மூன்று, இரண்டு அணிகளுக்கு நான்கு, இறுதிக்கு வரும் இரண்டு அணிகளுக்கு ஐந்து. மொத்தம் 31 ஆட்டங்கள். அணிகளின் எண்ணிக்கை எதுவானாலும் அதில் ஒன்றைக் கழித்தால் ஆட்டங்களின் எண்ணிக்கை வந்துவிடும், ஏனென்றால் ஒவ்வோர் ஆட்டமும் ஓர் அணியை வெளியேற்றுகிறது. மைதானம் குறைவு, நடுவர் குறைவு, நாட்கள் குறைவு என்கிற அமைப்பாளருக்கு இதைவிடச் சிக்கனமான முறை கிடையாது. வெற்றியாளர் யார் என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றால் நாக்-அவுட் கச்சிதமானது.

ஆனால் அரசு சொல்லும் நோக்கம் அது மட்டுமல்ல. கிராமத்துத் திறமையைக் கண்டெடுப்பது, எல்லோரையும் மைதானத்துக்குக் கொண்டுவருவது என்றுதான் ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறார்கள். 2024-ல் 11 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்தார்கள் என்ற எண்ணிக்கை பெருமையோடு வெளியிடப்பட்டது. அது இணையத்தில் பெயர் கொடுத்தவர்களின் எண்ணிக்கை. ஆட்ட நாளில் வந்தவர்கள் எத்தனை பேர், வந்தவர்கள் எத்தனை நிமிடம் ஆடினார்கள் என்பது வேறு கணக்கு. குழு ஆட்டத்துக்கு வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஒரே ஆட்டத்தோடு திரும்பியிருப்பார்கள் என்பதைச் சொல்லப் புள்ளிவிவரம் வேண்டியதில்லை, நாக்-அவுட் முறையே சொல்லிவிடுகிறது. தடகளத்தில் இன்னும் சுருக்கம்: நூறு மீட்டருக்கு வந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குக் கிடைப்பது பதினைந்து விநாடி.

இப்போது வயதுப் பிரிவு, நாக்-அவுட் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். வடக்கே வேம்பாரிலிருந்து தெற்கே பெரியதாழை வரை நம் கடலோரத்தில் ஆலயத்தை ஒட்டிய பள்ளிகள் பல எட்டாம் வகுப்போடு நின்றுவிடும் நடுநிலைப் பள்ளிகள். அங்கிருந்து ஓர் அணி கிளம்பினால் அதன் மூத்த ஆட்டக்காரனுக்கு 13, 14 வயது இருக்கும். எதிரில் நிற்பது நகரத்து மேல்நிலைப் பள்ளியின் பிளஸ் டூ அணியாக இருக்கலாம். விடியும் முன் எழுந்து, பஸ் மாறி, தூத்துக்குடி தருவை மைதானத்துக்கு வந்து, முக்கால் மணி நேரத்தில் தோற்று, மத்தியானத்துக்குள் திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பார்கள். முதல் சுற்றில் வெளியேறும் அந்தப் பாதி குலுக்கலில் அமைவதில்லை. சிறிய பள்ளி, சின்ன வயது, தூரத்து ஊர் என்று பார்த்துப் பார்த்து வடிகட்டிய பாதி அது. திறமை தேடும் கண்கள் அந்தப் பிள்ளைகளை இரண்டாவது முறை பார்ப்பதற்குள் அவர்கள் போய்விடுகிறார்கள்.

அவர்களைக் கூட்டிவருகிற ஆசிரியரின் நிலைமையும் இதோடு சேர்ந்தது. கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் அட்டவணையைப் படித்துப் பார்க்கலாம். ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்கு ஒரு 'பகுதிநேரப் பயிற்றுநர்' வேண்டும் என்கிறது. முழுநேரம் என்று சட்டமே கேட்கவில்லை. தமிழ்நாட்டில் 2012-ல் உடற்கல்வி, ஓவியம், தையல், கணினி என்று 16,549 பகுதிநேர ஆசிரியர்களை 5,000 ரூபாய் மாதச் சம்பளத்துக்கு எடுத்தார்கள். வாரத்தில் மூன்று அரைநாள் வேலை. போராடிப் போராடி அந்தச் சம்பளம் பின்னர் 12,500 ஆனது. வாரம் மூன்று அரைநாள் வருகிறவர்தான் பிள்ளைகளின் பெயர்களை இணையத்தில் ஏற்றி, படிப்புச் சான்று வாங்கி, அணியைத் தயார் செய்ய வேண்டும். நூறு பிள்ளைகள் இல்லாத பள்ளிக்கு அவரையும் தர வேண்டியதில்லை.

திறமை எப்படி உருவாகிறது என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சான்று உண்டு. கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் பயின்ற மாரீஸ்வரனும் கார்த்தியும் 2022-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பை ஹாக்கியில் இந்தியாவுக்காக ஆடினார்கள். இந்தியா வெண்கலம் வென்றது. அந்த ஊரில் செயற்கைப் புல்தரை மைதானம் இருக்கிறது, பயிற்றுநர் இருக்கிறார், ஆண்டுதோறும் வெளிமாநில அணிகள் வந்து ஆடும் போட்டி இருக்கிறது. காயல்பட்டினத்தின் கால்பந்தும் அப்படித்தான், கோடையில் அகில இந்தியப் போட்டியையே ஊர்ச் சங்கம் நடத்துகிறது. இரண்டு ஊரிலும் பிள்ளைகள் தோற்ற மறுநாளும் ஆடுகிறார்கள். அரசு விழா மேடைகளில் வீரர்களின் பெயர் சொல்லப்படும்போது அந்தத் தினசரி ஆட்டமும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டும்.

நாக்-அவுட்டை ஒழித்துவிட முடியாது என்பதை ஏற்கிறேன். 32 அணிகளை நான்கு நான்காகப் பிரித்து லீக் வைத்தால் முதல் கட்டத்துக்கே 48 ஆட்டங்கள் வேண்டும். அதற்கான நாட்கள் இல்லை. ஆனால் மலிவான வழி ஒன்று இருக்கிறது. முதல் சுற்றில் தோற்ற 16 அணிகளை ஒன்றோடொன்று மோதவிட்டால் கூடுதலாக வேண்டியவை எட்டே ஆட்டங்கள். 31 என்பது 39 ஆகும். கபடிக்கு ஓர் ஆட்டம் முக்கால் மணி நேரம் என்றால், இரண்டு களங்களில் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். பஸ் ஏறி வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டாவது ஆட்டம் உறுதி, அதுவும் பெரும்பாலும் தன் உயரத்துக்கு ஒத்த அணியோடு. சதுரங்கத்தில் இது புதிதே அல்ல, ஸ்விஸ் முறையில் தோற்றவரும் கடைசிச் சுற்றுவரை ஆடுகிறார். நார்வேயில் பிள்ளைகள் 13 வயதை எட்டும் ஆண்டுவரை தேசிய சாம்பியன்ஷிப்பே கிடையாது. அவ்வளவு தூரம்கூட நான் கேட்கவில்லை.

மொத்தப் பரிசுத்தொகை 37 கோடி ரூபாய். மாநில அளவில் தனிநபர் போட்டியில் முதலிடத்துக்கு ஒரு லட்சம், மாவட்ட அளவில் 3,000. அந்த 37 கோடிக்குப் பக்கத்தில் எட்டு கபடி ஆட்டங்களுக்கான நடுவர் படியை வைத்துப் பாருங்கள். பணம் இல்லை என்ற பதிலை நான் ஏற்க மாட்டேன்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக.

பொதுப் பிரிவுக்கு வயது? 15 முதல் 35 வரை.

கல்லூரிப் பிரிவு? 17 முதல் 25.

வங்கிக் கணக்கு எதற்கு? பரிசுத்தொகை அதில்தான் வரும், பிள்ளையின் பெயரிலேயே கணக்கு தொடங்கிவிடுங்கள்.

மாவட்டத்தில் மூன்றாம் இடம் வந்தால்? 1,000 ரூபாய், இரண்டாம் இடத்துக்கு 2,000.

அரசு ஊழியர், மாற்றுத்திறனாளிகள்? இருவருக்கும் தனித்தனிப் பிரிவு உண்டு.

கடலுக்குப் போகிறவர்கள், உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் வேலை நாளில் எப்படி வருவது? இந்தக் கேள்விக்கு ஒரு வரி போதாது. ஆகஸ்ட், செப்டம்பர் உப்பு வாரும் காலம். விடியும் முன்பே பாத்திக்குள் இறங்குகிறவருக்கு ஒருநாள் ஆட்டம் ஒருநாள் கூலி. நம் கடற்கரையில் படகு இறங்காத நாள் ஞாயிறு. பொதுப் பிரிவின் கபடி, கைப்பந்து ஆட்டங்களையாவது ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்ற வேண்டும். கால அட்டவணை இறுதியாவதற்கு முன் ஊர்க் கமிட்டிகளும் உப்பளத் தொழிலாளர் சங்கங்களும் மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் எழுத்தில் மனு கொடுங்கள். உடற்கல்வி ஆசிரியர்கள் அதே மனுவில் தோற்ற அணிகளுக்கான அந்த எட்டு ஆட்டங்களையும் சேர்த்துக் கேளுங்கள்.